சம்பந்தியம்மா வண்டி ஓட்டப் பழகினார்

மாஸ்டர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஒரு மனிதரைப் பற்றி இப்படிச் சொன்னால் நம்புவது கஷ்டம்தான். கிளட்சை விடச் சொன்னால் ஸ்டியரிங்கை விட்டுவிடுகிறவர்கள், வண்டியைத் திருப்பச் சொன்னால் தலையை மட்டும் திருப்புகிறவர்கள், எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் என்று எல்லா வகை ஆட்களோடும் பல வருஷமாக ஒரே காரில் உட்கார்ந்து உயிர் பிழைத்து வந்தவர் அவர். ஒருவரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. வாயில் ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாயைப் போட்டுக்கொள்வார். மூக்குக்குள்ளேயே ஒரு ஞானப்பாட்டின் மெட்டை முனகுவார். அவ்வளவுதான்.

அந்த முனகலுக்கு அர்த்தம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள் அவரிடம் படித்தவர்கள். மெட்டு நிதானமாக இருந்தால் வண்டி ஒழுங்காகப் போகிறது. வேகம் பிடித்தால் எங்கேயோ தப்பு நடக்கிறது. பல்லவியை விட்டுச் சரணத்துக்குத் தாவிவிட்டால் எதையும் யோசிக்காமல் பிரேக்கை மிதித்துவிடுவது நல்லது. அந்தப் பாட்டைக் கேட்டே ஓட்டப் பழகிய ஒரு வங்கிக் குமாஸ்தா, தேர்வு நாளில் பக்கத்தில் பாட்டு இல்லாததால் தடுமாறிப் போனதாக இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பள்ளி என்று பெயர்தானே தவிர, அது சந்து முனையில் ஒரே ஒரு அறை. ஒரு மேஜை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. சுவரில் சாலைக் குறியீடுகளின் படம். வெயில் பட்டுப் பட்டு அதிலிருந்த சிவப்பெல்லாம் ரோஜா நிறமாகி, ‘நில்’ என்கிற பலகை ‘வாங்க, உட்காருங்க’ என்று சொல்வது போல இருக்கும். வெளியே தலையில் பலகை சுமந்த ஒரு சின்ன கார். அதில் மாஸ்டர் உட்காரும் பக்கம், அவர் காலுக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக்.

சபையில் அவருக்குப் ‘பொறுமை அண்ணன்’ என்று பெயர். யாராவது அப்படிக் கூப்பிட்டால், “ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க” என்பார். அந்த ‘ஒண்ணுமில்லை’யை அவர் சொல்கிற விதத்தில், எதிரில் இருப்பவர் இன்னொரு தடவை அதே பெயரைச் சொல்லியே தீர வேண்டியிருக்கும். தினமும் காலையில் மனைவியோடு உட்கார்ந்து ஜெபிக்கும்போது, தன் இருதயத்தை ஆராய்ந்து பார்க்கும்படி ஆண்டவரைக் கேட்டுக்கொள்வார். வீட்டைப் பெருக்கித் துடைத்து, திரைச்சீலையெல்லாம் மாற்றி வைத்துவிட்டு விருந்தாளியை உள்ளே அழைக்கிற தோரணையில் கேட்பார்.

அவர் மனைவி ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறவர். டாக்டர்களின் கையெழுத்தையே நாள் முழுக்கப் படிக்கிறவருக்குப் புருஷனைப் படிப்பது பெரிய வேலையாக இல்லை. ஆனால் படித்ததை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

இவர்களுக்கு ஒரே மகள். அவள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை தங்கமான பையன். எல்லாம் சரி, மாப்பிள்ளையின் அம்மாதான் மாஸ்டருக்கு நெஞ்சில் தைத்த முள்.

சம்பந்தியம்மா பிரசவ வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகி வெகு காலம் ஆகிறது. ஆயிரக்கணக்கான குழந்தைகளை உலகத்துக்கு இறக்கிவிட்ட குரல் அவருடையது. அந்தக் குரலுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. கல்யாண விருந்தில் முதல் பந்தியில், போதகர் ஒரு பக்கமும் மாஸ்டர் மறுபக்கமும் இருக்க, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அவர் சொன்னார்: “உப்பு கம்மி.”

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு மூன்றாவது வாய்க்குப் போய்விட்டார். ஆனால் கடைசிப் பந்தி வரைக்கும் அது கேட்டது. சமையல்காரர்களுக்குப் பக்கத்திலேயே இரண்டு நாள் நின்று பார்த்துப் பார்த்துச் செய்தவர் மாஸ்டர். மூஞ்சி தொங்கிப்போயிற்று. இருந்தாலும் பெண்ணைக் கொடுத்த இடம். சிரித்துக்கொண்டே உப்புக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார்.

அன்றைக்கே சம்பந்தியம்மாவை மன்னித்தும் விட்டார். அதை அவரே சொல்வார். போதகரிடம் சொன்னார், பாடகர் குழுவில் சொன்னார், சபைக் கதவைத் திறந்து பூட்டுகிற காவல்காரரிடம் சொன்னார். அந்த உப்பு விஷயத்தை அவர் மன்னித்துவிட்டது தெரியாத ஆள் சபையில் ஒருவர்கூட இல்லை, சம்பந்தியம்மா ஒருவரைத் தவிர.

ஒன்றரை வருஷம் கழித்து ஒருநாள் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. எங்கேயாவது போகவேண்டும் என்றால் மகன் வந்து கூட்டிப்போகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியிருக்கிறதாம். இனிமேல் தானே ஓட்டப் போகிறாராம். சம்பந்தியே மாஸ்டராக இருக்கும்போது வேறே யாரிடம் போய்ப் படிப்பது என்றும் கேட்டார். மாஸ்டர், “தாராளமா வாங்க சம்பந்தியம்மா, உங்க பள்ளிக்கூடம் மாதிரி நினைச்சுக்கோங்க” என்றார். போனை வைத்தவுடன் பெப்பர்மிண்ட் டப்பாவைத் தேடினார். மறுநாள் காலை ஜெபத்தில், வயதானவர்களுக்கு வீட்டிலேயே இருக்கிற மனநிறைவைத் தரும்படி பொதுவாக ஒரு விண்ணப்பம் வைத்தார். மனைவி ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

விண்ணப்பம் பலிக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் கைப்பை, தண்ணீர் பாட்டில், முதுகுக்கு ஒரு தலையணை சகிதம் சம்பந்தியம்மா வந்து இறங்கினார்.

காரையும் அவர் பிரசவத்துக்கு வந்த பெண்ணைப் போலத்தான் நடத்தினார். பாலத்து ஏற்றத்தில் வண்டி திணறியபோது ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, “முக்கும்மா, முக்கு, இன்னும் கொஞ்சம்தான், அவ்வளவுதான், வந்துடுச்சு” என்றார். உச்சி தாண்டியதும் அவரே பெருமூச்சு விட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியை இறக்கி, பக்கத்து ஸ்கூட்டரில் இருமிக்கொண்டிருந்தவரிடம் எத்தனை நாளாக இருமல், சளி என்ன நிறம் என்று விசாரித்தார். பச்சை விழுந்தும் விசாரணை முடியவில்லை. பின்னால் ஹாரன் அடித்தவர்களைத் திரும்பிப் பார்த்து, வரிசைப்படிதான் எல்லாம் நடக்கும் என்று சத்தம் போட்டார்.

மாஸ்டரின் பாட்டு முதல் நாளே சரணத்துக்குப் போய்விட்டது.

“மெட்டு நல்லா இருக்கு சம்பந்தி. எதுக்கு மூக்குக்குள்ளேயே வச்சிருக்கீங்க? வாயைத் திறந்து பாடுங்க” என்றார் சம்பந்தியம்மா. தானும் கூடச் சேர்ந்து வேறு ஒரு சுருதியில் பாட ஆரம்பித்தார். அதற்கப்புறம் மாஸ்டருக்கு முனகலும் போயிற்று; மிட்டாய் ஒன்றுதான் மிச்சம்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ஒரு மாதத்தில் அந்த அம்மா நன்றாகவே ஓட்டப் பழகிவிட்டார். கை நிதானம், பயம் என்பதே இல்லை, சொன்னதை மறப்பதில்லை. இரண்டு வண்டிக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்துவதைப் பார்த்து மாஸ்டருக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த அம்மாவுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகத் தேர்வுக்குப் போய் லைசென்ஸோடு திரும்பினார்கள். சம்பந்தியம்மா மட்டும் திங்கள், புதன், வெள்ளி என்று தலையணையோடு வந்துகொண்டே இருந்தார். எப்போது தேர்வு என்று அவர் கேட்கும்போதெல்லாம் மாஸ்டர் மென்மையாக, இன்னும் கொஞ்சம் மெருகேற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நிலைமையில்தான் போதகர் அவரைக் கூப்பிட்டு, அடுத்த ஞாயிறு குடும்பக் கூட்டத்தில் பொறுமையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார். மாஸ்டர் ‘ஒண்ணுமில்லைங்க’ எல்லாம் சொல்லி முடித்து ஒத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சமையலறையில் ஒத்திகை. மனைவி மேஜையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்க, மாஸ்டர் ஃபிரிட்ஜையே சபையாகப் பாவித்து அதன் முன்னால் நின்று பேசினார். தன்னைப் புண்படுத்திய ஒருவரை எப்படி மன்னித்தார், பதிலுக்கு எப்படி அவருக்கு உதவி செய்துகொண்டிருக்கிறார் என்பதுதான் சாராம்சம். முடித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“பேரைச் சொல்லப் போறீங்களா?” என்றார் மனைவி.

“சேச்சே. பேரெல்லாம் சொல்ல மாட்டேன்.”

“சொன்னாலும் ஒண்ணும் இல்ல. எல்லாருக்கும்தான் தெரியுமே.” ஒரு கை பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டார். “அவங்களுக்கு அப்புறம் சேர்ந்தவங்க எல்லாம் லைசென்ஸ் வாங்கிட்டாங்க. அவங்க ஏன் இன்னும் வாங்கல?”

“பார்க்கிங் சரியா வரல.”

இது பொய் என்று சொல்லும்போதே மாஸ்டருக்குத் தெரிந்தது. மனைவிக்கும் தெரிந்தது. ஃபிரிட்ஜுக்கு மட்டும்தான் தெரியவில்லை.

பேச்சை மாற்றவேண்டும் என்று மாஸ்டர் ஒரு கேள்வி கேட்டார். கேட்காமலே இருந்திருக்கலாம். “நான் யார்கிட்டயாவது கோவப்பட்டிருக்கேனா, சொல்லு. உன்கிட்ட என்னிக்காவது கோவப்பட்டிருக்கேனா?”

மனைவி கையிலிருந்த பட்டாணியைக் கீழே வைத்தார்.

“இல்ல. பேசாம இருந்திருக்கீங்க. குளியலறைக் கண்ணாடி உடைஞ்சப்போ நாலு நாள். உங்க தங்கச்சி வந்துட்டுப் போனப்புறம் ஒரு வாரம். எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஒருதடவை கத்தித் தொலைச்சுட்டா தேவலையேன்னு நான் ஜெபமே பண்ணியிருக்கேன்.”

கேலி செய்கிறாரோ என்று மாஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி இல்லை. ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தார். வாசல் வரை போன பிறகுதான், இப்போது தான் செய்துகொண்டிருப்பதும் அதேதான் என்று உறைத்தது. திரும்பி வந்தார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. “தண்ணி வேணும்” என்றார். மனைவி எழுந்து கொடுத்தார். குடித்தார். அதோடு சரி.

வெள்ளிக்கிழமை காலையில் நல்ல கூட்ட நேரம். ஐந்து தெரு வந்து சேர்கிற ரவுண்டானாவில் சம்பந்தியம்மா அழகாக நுழைந்தார், அழகாக வளைந்தார். பாதியில் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஓரமாக நின்ற ஒரு பெண்ணைப் பார்த்தார். பட்டென்று வண்டியை நிறுத்தி, ‘வா, வா’ என்று கையைக் காட்டினார். அந்தப் பெண் கடக்கவே வரவில்லை; யாருக்காகவோ நின்றுகொண்டிருக்கிறாள். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சம்பந்தியம்மா விடவில்லை. பயப்படாமல் வரச்சொல்லி, குழந்தைக்குத் தொப்பி போட்டுவிடச் சொல்லி உபதேசம் செய்ய ஆரம்பித்தார். பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் இன்னொரு பஸ், நாலா பக்கமும் ஹாரன்.

மாஸ்டர் மிட்டாயைத் தேடினார். டப்பா காலி. வாயைத் திறந்தார். ரவுண்டானாவில் வண்டியை நிறுத்தக்கூடாது என்று சொல்லத்தான் திறந்தார். உள்ளே வேறொன்று வரிசையில் முன்னால் நின்றிருந்தது.

“அவ்வளவு பேருக்கு நடுவுல உப்பு கம்மின்னு சொன்னீங்களே!” என்று கத்தினார்.

தனக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே அவருக்குத் தெரியாது. குழந்தையோடு நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். பின்னாலிருந்த பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார். சம்பந்தியம்மா மாஸ்டரையே உற்றுப் பார்த்தார். நாடி பிடித்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிற பார்வை.

“எந்த உப்பு?” என்றார்.

“கல்யாணத்துல. விருந்துல. போதகர் பக்கத்துல உட்கார்ந்திருந்தாரு.”

சம்பந்தியம்மா கண்ணைச் சுருக்கி யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். “ஞாபகம் இல்ல சம்பந்தி. சொல்லியிருப்பேன்” என்றார். இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு, “கம்மியாத்தான் இருந்திருக்கும்” என்றார்.

பிறகு கியரைப் போட்டு, சைகை விளக்கைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, சரியான பாதையில் சரியான வெளிவழியில் வண்டியை எடுத்துப் போனார். மாஸ்டர் அதை ஒன்றும் கவனிக்கவில்லை. இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு, கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்துப் பிரேக்கைத் தொட ஆளே இல்லாமல் கார் அன்றைக்கு ஊரில் பாதியைச் சுற்றி வந்தது.

முகத்தை மூடிக்கொண்டபோது ஒருவழியாக எல்லாம் தெரிய ஆரம்பித்தது. ஒன்றரை வருஷத்துக்கு மேலாக ஒரு நாள்கூட அவர் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டதாக ஊரெல்லாம் சொன்னது, அந்த அம்மா என்ன செய்தார் என்பதை ஊரெல்லாம் சொல்வதற்கு ஒரு வழி. தேர்வுக்கு அனுப்பாததற்கும் காரணம் அதுதான். தன் சாப்பாட்டில் குறை சொன்னவரை வாரத்துக்கு மூன்று தடவை பக்கத்தில் உட்காரவைத்து, ‘இப்படி இல்லை, அப்படி’ என்று சொல்வதில் ஒரு ருசி இருந்தது. அதை விட அவருக்கு மனசில்லை. தினமும் காலையில் இருதயத்தை ஆராய்ந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டிருந்தாரே, ஆண்டவர் ஒருநாள் வந்தே விட்டார். அதுவும் நேரே பின்பக்க அறைக்கு.

வண்டி நின்றது. மூடியிருந்த ஒரு மரச்சாமான் கடைக்கு எதிரே, இரண்டு வேன்களுக்கு நடுவே, ஓரக்கல்லோடு ஒட்டி நேர்க்கோடாக நிறுத்தியிருந்தார் சம்பந்தியம்மா.

“இதோ பாருங்க, நான் வாயைத் திறந்தா இப்படித்தான் வருது. வார்டுல யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, அவங்களுக்கு அந்த நேரத்துல வேற கவலை இருக்கும். வெளியில எல்லாரும் எடுத்துக்கறாங்க. ஆனா யாரும் சொல்றதில்ல. சிரிச்சுட்டுப் போயிடறாங்க. நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாம்.”

மாஸ்டர் கையை எடுத்தார். இதற்கு மேல் மறைத்துவைக்க ஒன்றும் இல்லை என்கிற ஒரு தைரியம் வந்திருந்தது.

“சம்பந்தியம்மா, உங்களை எப்பவோ டெஸ்டுக்கு அனுப்பியிருக்கணும். நீங்க நல்லா ஓட்டுறீங்க. நான்தான் வேணும்னே இழுத்தடிச்சேன். என்னை மன்னிச்சுடுங்க.”

“தெரியும்” என்றார் சம்பந்தியம்மா.

“தெரியுமா?”

“எனக்கு அப்புறம் வந்து சேர்ந்த மீசைக்காரர் ஒருத்தருக்கு முதல்ல லைசென்ஸ் கிடைச்சுதே. அவரு வண்டியைக் கொண்டுபோய் கேட்டுல மோதினதை நான் என் கண்ணால பார்த்தேன்.” தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். “வீட்டுல காலையில மகனும் மருமகளும் வேலைக்குப் போயிடுதுங்க. சாயங்காலம் வரைக்கும் சுவத்தைத்தான் பார்க்கணும். இங்க வந்தா பேச ஒரு ஆள் இருக்கு. லைசென்ஸ் வந்துட்டா அப்புறம் எதுக்கு வர்றது? அதான் நானும் அழுத்திக் கேட்கல.”

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டும் கலந்து ஒரு விக்கல் மாதிரி வந்தது. சம்பந்தியம்மா உடனே பாட்டிலை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குடிக்கச் சொன்னார். குடித்தார். அதன் பிறகு ஜெபிக்கலாமா என்று சம்பந்தியம்மாவே கேட்டார். வழக்கமாக ஜெபம் என்றால் மாஸ்டருக்கு அடுக்கடுக்காக வார்த்தை வரும். அன்றைக்கு, “ஆண்டவரே, நான் சரியில்ல” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. சம்பந்தியம்மா சத்தமாக “ஆமென்” என்றார். வேறு நாளாயிருந்தால் அந்த ஆமெனும் அவருக்குச் சுருக்கென்று குத்தியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பக் கூட்டத்தில் மாஸ்டர் எழுந்து, தயார் செய்த பேச்சை விட்டுவிட்டு ரவுண்டானாவில் நடந்ததைச் சொன்னார். சம்பந்தியம்மாவிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தார். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து, விட்டுப்போன இடங்களை எடுத்துக் கொடுத்தார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. போதகரும் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் மாஸ்டர் ஒரே ஒரு விஷயம் சொன்னார். கற்றுக்கொள்ள வருகிறவர்களைத் தான் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்துக்கொள்வது போலத்தான் ஆண்டவரும் தன்னைச் சகித்துக்கொள்கிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாராம். அப்படி இல்லை என்று இப்போது தெரிகிறதாம். உள்ளே இருப்பதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அதுவும் ஆசையாக. அதைச் சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் ஆவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டார்.

‘பொறுமை அண்ணன்’ என்ற பெயர் அன்றோடு போயிற்று. அவருக்கு அதில் ஒரு சின்ன வருத்தம் இருக்கத்தான் செய்தது.

அந்த வாரமே வீட்டில், துணி காயப்போடும் கம்பியை யார் கழற்றி வைத்தது என்ற விஷயத்தில் மாஸ்டர் மனைவியிடம் கத்தினார். பழக்கமில்லாததால் பாதியில் வார்த்தை கிடைக்காமல் நின்றுவிட்டார். மனைவி, “ம், அப்புறம்?” என்று ஆர்வமாகக் கேட்டார். அப்புறம் அவரும் பதிலுக்கு நன்றாகச் சத்தம் போட்டார்; அவருக்கு வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. அரை மணி நேரத்தில் கம்பி விவகாரம் தீர்ந்து, இரண்டு பேரும் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்த கையோடு மனைவி மகளுக்குப் போன் போட்டு, அப்பா தன்னிடம் கத்திய நல்ல செய்தியைச் சொன்னார்.

சம்பந்தியம்மா முதல் தடவை தேர்வில் தோற்றார். ஓட்டியதில் ஒரு குறையும் இல்லை. தேர்வு எடுத்த அதிகாரியின் கால் வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, வண்டியை ஓரங்கட்டி, அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று விசாரிக்கப் போய்விட்டார். இரண்டாம் தடவை வேறு அதிகாரி. அவர் ஆரோக்கியமாக இருந்ததால் தேர்வு சீக்கிரம் முடிந்தது. இப்போது சனிக்கிழமைகளில் மகனுடைய பழைய காரை எடுத்துக்கொண்டு, சபையில் நடக்க முடியாத வயசானவர்களை ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் கூட்டிப்போகிறார். ஏற்றி இறக்க ஒரு ஆள் வேண்டும் என்று மாஸ்டரையும் கூடவே இழுத்துப்போகிறார்.

மாஸ்டருக்கு அந்த அம்மாவின் பேச்சு இன்னும் காது வலிக்கத்தான் செய்கிறது. அதை முகத்துக்கு நேராகச் சொல்கிறார். அந்த அம்மாவும், சரி, கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறேன் என்று அடுத்த திருப்பம் வரைக்கும் சும்மா இருக்கிறார். சனிக்கிழமை காலை ஜெபத்தில் மாஸ்டர் இப்போதெல்லாம் நீட்டி முழக்குவதில்லை. சம்பந்தியம்மாவை மத்தியானம் வரைக்கும் நேசிக்கிற அளவுக்கு அன்பு வேண்டும் என்று கேட்கிறார். பெரும்பாலும் பதினொரு மணி வரைக்கும் தாங்குகிறது. அதற்குள் யாராவது ஒரு கிழவரைப் பத்திரமாகக் கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டிய வேலை வந்துவிடுவதால், மீதி நேரம் தானாகப் போய்விடுகிறது.